நாளைக்குநேத்து

ஜூலை 6, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதாக எழுதியிருந்தாய். விட்டுவிடாதே.

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பா தூங்குகிறார். அவர் குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் பேனாவை நிறுத்திக்கொள்கிறேன். இப்போது பேனா மூடி விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா அசையவில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

நேற்று நானும் என் வகுப்பு ரெட்டைச்சடையும் கடைசி இரண்டு வகுப்புகளுக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போனோம். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. காதல் படம் என்று போஸ்டரில் இருந்தது, போய்விட்டோம். ஒருவன் ஒரு பெரிய கட்டடத்தின் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கிறான். ஒவ்வொரு கண்ணாடியைத் துடைத்ததும் உள்ளே ஒரு பெண் தெரிகிறாள். ஒன்றில் சின்னப் பெண், அடுத்ததில் நரைத்தவள், அதற்கடுத்ததில் நம் வயது. எல்லாம் ஒரே ஆள்தான். பிறகு ஒரு வயலில் தண்டவாளமே இல்லாமல் ரயில் வருகிறது. யாரும் யாருக்கும் எதுவும் விளக்குவதில்லை. ரெட்டைச்சடை என்னைக் கிள்ளி, "எழுந்திருடி, தலை வலிக்குது" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். வாய் அசையவே இல்லை. படம் முழுக்க அவள் வாய் திறப்பதில்லை, குரல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. பேசுவதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு. அக்கா, அந்த மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கதை சொல்ல ஆரம்பிக்கும் முன் விடுவாயே, அதே மூச்சு.

நீ சோப்பு விளம்பரத்துக்குப் பேசுவதாகத்தானே எழுதினாய். இதைச் சொல்லவே இல்லையே. இருட்டில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, நீ என் காதுக்குள் உட்கார்ந்து பேசினாய். நீ வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் உனக்கு எழுதுவது தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். அப்படியிருக்க, நீ இந்த ஊர் நடுவில் வந்து பேசிக்கொண்டிருக்கிறாய், யாருக்கும் தெரியவில்லை.

அவன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து, "எப்ப வருவே?" என்று கேட்கிறான். நீ சொல்கிறாய்: "நாளைக்குநேத்து."

அது நம் வீட்டுச் சொல் இல்லையா? அது எப்படி அங்கே போனது?

பதிலை வழக்கம்போல ரெட்டைச்சடை அம்மாவின் தையல் கடை விலாசத்துக்கே போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சுண்டு


ஜூலை 17

என் சுண்டுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், தொண்டையும் கூட. வகுப்புக்கு மட்டம் போட்டதற்கு ஒரு குட்டு. மற்றதற்கெல்லாம் ஒரு முத்தம்.

அந்தப் படம் வெளியே வரும் என்றே நான் நம்பவில்லை. அதனால்தான் சொல்லவில்லை. படம் எடுத்தவர் ஒரு விசித்திரமான ஆள். எழுதின வசனம் பாதி, எழுதாதது பாதி. அந்த இடத்தில் தாளில் ஒன்றுமே இல்லை. "அவன் எப்ப வருவேன்னு கேக்குறான். நீங்க தூக்கத்துல பதில் சொல்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றார். கண்ணை மூடினேன். வாய் அதைச் சொல்லிவிட்டது. பேசும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவை நிறுத்தினார்கள். பிறகு அவர், "இன்னொரு தடவை சொல்லாதீங்க, இதுவே போதும்" என்றார்.

உனக்கு அதன் கதை முழுதும் தெரியாதே. நான் நாலு வயதில் நேற்றையும் நாளையையும் குழப்பி, "நாளைக்குநேத்து சர்க்கஸ் போனோம்ல" என்பேனாம். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அதையே எடுத்துக்கொண்டார். சைக்கிள் எப்பப்பா? நாளைக்குநேத்து. கடலுக்கு எப்பப்பா? நாளைக்குநேத்து. நம் வீட்டு அகராதியில் அதற்கு 'ஒருநாளும் இல்லை' என்று பொருள் ஆனது. சிரித்துக்கொண்டே சொல்வார். கடைசித் தடவை சிரிக்கவில்லை. குரல் கொடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று நான் பையோடு வாசலில் நின்று, "அப்ப நான் எப்ப வரட்டும்ப்பா?" என்றேன். "நாளைக்குநேத்து வா" என்றார். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

ஒன்று மட்டும் செய்வாயா? அம்மாவை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போ. அப்பா வேண்டாம். அம்மா கேட்டால் போதும். நீ மூச்சில் கண்டுபிடித்தாய், அம்மா அதற்கும் முன்னால் கண்டுபிடிப்பாள். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அம்மாவின் இடுப்பு வலி எப்படி? நிறைய எழுது.

அக்கா


ஜூலை 24, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடுப்பு தேவலை.

உன் படத்தால் ஊர் இரண்டாகிவிட்டது. இங்கே அதற்குத் 'தூக்கப் படம்' என்று பெயர். முதல் நாளே சைக்கிள் கடைக்காரர் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் கையை நீட்டி, "காசைக் குடு. நான் வீட்லயே இலவசமா தூங்குவேன்" என்று சண்டை போட்டாராம். அவர் மனைவி படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லையாம். "என்னடி ஆச்சு" என்று கேட்டதற்கு, "உங்களுக்குச் சொன்னா புரியாது. எனக்கும் புரியல" என்றாளாம். இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

டிக்கெட் கிழிப்பவர் ரெட்டைச்சடையிடம் சொன்னார்: "ஒரே கதவு வழியா வெளிய வர்றாங்க. பாதிப் பேர் பஸ்ஸைக் கோட்டை விட்டவன் மாதிரி வர்றான். பாதிப் பேர் இனிமே பஸ்ஸே வேண்டாம்ங்கிற மாதிரி வர்றான்." முதலாளிக்கு மகிழ்ச்சிதானாம். பார்க்க வருகிறவர்களை விட, பார்த்தவர்களோடு சண்டை போடுவதற்காகப் பார்க்க வருகிறவர்கள் அதிகமாம்.

எல்லாச் சண்டையும் கடைசியில் அந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறது. ரயில், கண்ணாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். நாளைக்குநேத்து என்றால் என்ன? எங்கள் அறிவியல் சார், "அர்த்தம் இல்லாததுக்கு ஆழம்னு பேரு வச்சிருக்கான்" என்கிறார். கணக்கு டீச்சர் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். டீச்சர் மூன்று தடவை பார்த்துவிட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்கிறேன். அது என் அக்கா நாலு வயதில் உளறியது என்று எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தாலே சிரிப்பும் வருகிறது, நடுக்கமும் வருகிறது.

அம்மாவை இந்த வாரம் முடியவில்லை. வீட்டில் வேலை. பார்க்கிறேன்.

உன் சுண்டு


ஆகஸ்ட் 5

சுண்டு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள். ஆனால் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அம்மா படத்துக்குப் போக என்ன வேலை தடை? போகலாமா என்று கேட்டாயா? கேட்டதற்கு என்ன சொன்னாள்? அவள் சொன்ன வார்த்தைகளையே எழுது.

ஒரு சின்னக் கதாநாயகிக்கு அடுத்த மாதம் பேசப் போகிறேன். ஆனால் இப்படி ஒரு படம் எனக்கு இனி கிடைக்காது. அது தியேட்டரை விட்டுப் போவதற்குள், சுண்டு.

அக்கா


ஆகஸ்ட் 13, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்றைக்கு நடந்ததைக் கேள். கணக்கு டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகப் பலகையில் ஒரு கோடு போட்டார். நடுவில் 'இன்று'. ஒரு படி வலது பக்கம் 'நாளை'. "நாளைக்கு நேத்து. அதாவது நாளையில நின்னுக்கிட்டு நேத்தைப் பாக்கணும். எங்க நிப்பீங்க? நாளையில. அங்கேருந்து ஒரு படி பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டார். சாக்பீஸை 'இன்று' மேல் வைத்து அழுத்தினார். அது உடைந்தது. "இன்னிக்கு. அவன் எப்ப வருவேன்னு கேக்குறான். அவ இன்னிக்குன்னு சொல்றா. இவ்வளவுதான். இதுக்குப் போய் ஸ்டாஃப் ரூம்ல கத்துறாங்க."

அக்கா, நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன். வயிற்று வலி என்று சொன்னேன். குழாயடியில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. நாளைக்கு நேற்று என்றால் இன்று. அப்பா உன்னை 'ஒருநாளும் வராதே' என்று சொல்லவில்லை. 'இன்றைக்கே வா' என்று சொல்லியிருக்கிறார். நாம் எல்லோரும், அவரும் சேர்த்து, தப்பாகப் புரிந்துகொண்டோம். இத்தனை வருஷம் அந்தச் சொல் நம் வீட்டில் கிடந்தது, ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அம்மா வரவில்லை. கேட்டேன். "வேண்டாம்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். படத்தை நாளையோடு எடுத்துவிடுகிறார்கள். என் மேல் கோபப்படாதே.

உன் சுண்டு


ஆகஸ்ட் 25

சுண்டுவுக்கு,

நலம்.

உன் டீச்சர் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் அந்தக் கணக்கு செல்லாது. காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர் அவர், வாயிலிருந்து ஒரு விலை வந்தால் வந்ததுதான், தக்காளி அழுகினாலும் அதைத் திரும்ப எடுக்க மாட்டார். அது உனக்கும் தெரியும்.

அவரை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அம்மாவும் வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைக்கவில்லை. என் குரலைக் கேட்கக்கூட அவளுக்கு விருப்பம் இல்லை என்றால், நான் அங்கே யாருக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன்? நீயும் படிக்கிற பெண். ராத்திரி கண் விழிக்காதே. கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 3, இரவு

அக்கா,

நீ சுகமா? ஒரு வரி போடு. ஒரு சொல் போதும். தையல் கடைக்குத் தினமும் போகிறேன். ரெட்டைச்சடையின் அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே தலையாட்டிவிடுகிறார்.

சுண்டு


செப்டம்பர் 20, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதவில்லை என்றாலும் நான் எழுதுகிறேன். ஒரு சத்தியத்தை உடைக்கப் போகிறேன். தலையில் அடித்துச் செய்த சத்தியம். அதனால் எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

அம்மாவுக்குக் காது கேட்காது.

நீ போன வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. முதலில் குக்கர் விசில். பிறகு வாசல் மணி. இப்போது முகத்துக்கு நேராக நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அப்பா காதில் வாய் வைத்துக் கத்தினால் பாதி கேட்கும். மருத்துவர் நரம்பு என்கிறார். கருவி ஒன்று வாங்கினோம், அதில் இரைச்சல்தான் வருகிறதாம், கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். அன்றைக்குப் பேனா மூடி விழுந்தபோது ஏன் அசையவில்லை என்று இப்போது புரிகிறதா?

நாம் எழுதிக்கொள்வது அம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் என் கையில் மை பார்த்தாள். "அவ எழுதறதை எனக்குப் படிக்கக் குடுக்காதே. படிச்சா என் முகமே அப்பாகிட்ட சொல்லிடும்" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "காது விஷயம் அவளுக்கு எழுதக் கூடாது. அவ குரலை வச்சுப் பிழைக்கிறவ. எனக்குக் கேக்கலேன்னு தெரிஞ்சா அவளுக்குத் தொண்டை அடைச்சுக்கும்" என்றாள்.

படத்துக்குக் கூப்பிட்டது உண்மை. "அதுல அவ பேசுறாம்மா" என்று உதடு தெரியச் சொன்னேன். அம்மா என் உதட்டை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு வாய் அசைச்சுப் பேசுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நான் போய் என்னத்தடா பாக்கறது? வேண்டாம்டா" என்றாள். அந்த 'வேண்டாம்டா'வைத்தான் உனக்கு எழுதினேன். முன்னால் இருந்ததை எழுதவில்லை.

இப்போது எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளக் கூடாது.

உன் சுண்டு


செப்டம்பர் 29

என் செல்லச் சுண்டு,

நான் நலமாக இல்லை, ஆனால் எழுதாமல் இருந்ததைவிட நலம். உனக்கு ஒன்றும் ஆகாது. சத்தியம் அம்மா தலையில் செய்ததுதானே, அம்மாக்கள் தலை கெட்டி.

கடிதம் வந்த அன்று எனக்கு வேலை இருந்தது. மூன்று வரிதான் பேச வேண்டும். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அம்மா சொன்னது சரி. எல்லோரும் காத்திருந்தார்கள். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். சின்ன வயதில் நான் எதை முணுமுணுத்தாலும் அடுத்த அறையிலிருந்து பதில் சொல்வாளே. எனக்கு மெதுவாகப் பேச வந்ததே அதனால்தான். கத்த வேண்டிய தேவையே இருந்ததில்லை, அவள் கேட்டுவிடுவாள். இன்றைக்கு எல்லோரும் என் முணுமுணுப்புக்குத்தான் கூலி கொடுக்கிறார்கள்.

பிறகு உள்ளே போய்ப் பேசினேன். நன்றாக வந்தது என்றார்கள். எனக்குத் தெரியாது.

நான் வர வேண்டும், சுண்டு. அவள் என் உதட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வாசலில் எப்படி ஏறுவேன் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு நான் எழுதியதைச் சொல்லாதே.

அக்கா


அக்டோபர் 8, இரவு

அக்கா,

சுகமா என்று கேட்க நேரம் இல்லை. பயத்தில் எழுதுகிறேன்.

படத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் கட்சிக்காரர்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும். அதோடு அந்தச் சொல்லும் ஊரெல்லாம் திரும்ப வந்துவிட்டது. டீக்கடையில் பாக்கி கேட்டால் நாளைக்குநேத்து. வீட்டுப்பாடம் கேட்டால் நாளைக்குநேத்து. இன்று காலை அது மார்க்கெட்டுக்கும் போய்விட்டது.

அப்பா கத்தரிக்காய் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு தரம் சொல்லி, இரண்டு தரமும் சொல்லிவிட்டார். கூட்டத்தில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, "நீ எப்ப விலை கேப்பே, நாளைக்குநேத்தா?" என்று கிண்டல் செய்திருக்கிறான். அப்பா மூன்றாம் தரம் சொல்லவில்லை. வாய் திறந்தபடி நின்றுவிட்டாராம். அவர் ஏலத்தை நடுவில் நிறுத்தி யாருமே பார்த்ததில்லை. "இது எங்கேருந்துய்யா வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "அந்தத் தூக்கப் படத்துலதான்" என்றிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் படம் பாத்தியா?"

தலையாட்டினேன்.

"யாரு பேசறது?"

நான் தரையைப் பார்த்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் அம்மாவின் முகம்தானே.

அவர் ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைக் கிளம்பச் சொல்லு. நீயும் வா" என்றார்.

எதற்கு என்று தெரியவில்லை. வேண்டிக்கொள்.

சுண்டு


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

போனோம். தியேட்டர் பாதி நிறைந்திருந்தது. முன்வரிசையில் கணக்கு டீச்சர். ஓரத்தில் சைக்கிள் கடைக்காரர், அவர் மனைவியோடு. இருவருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி. அம்மா நடுவில், நான் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம்.

கண்ணாடி துடைப்பவன் வந்தான். அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உன் மூச்சு வந்தது. அப்பாவின் கை நாற்காலிப் பிடியில் இறுகியதைப் பார்த்தேன். நீ பேசினாய். அம்மா திரையைப் பார்த்தாள். அசையாத அந்த வாயைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ பேசுகிறாய் என்று எங்கள் முகத்திலிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது. அப்பாவின் சட்டைக் கையை இழுத்து, "என்ன சொல்றா?" என்று கேட்டாள்.

அப்பா அவள் காதருகே குனிந்தார். அப்பாவின் ரகசியம் நாலு தெருவுக்குக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். "உன் கை குளிருதுங்கறா" என்றார்.

தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ அடுத்ததைச் சொன்னாய். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேனா, அந்தப் பக்கமாங்கறா." பின்னாலிருந்து யாரோ, "யோவ், வாயை மூடுய்யா" என்றார்கள். இன்னொரு குரல், "ஏலக்காரரே, படத்தையும் ஏலம் விட்டுட்டீங்களா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அப்பா நிறுத்தவில்லை. நீ முணுமுணுக்கிறாய், அவர் கூவுகிறார். நீ காதல் வசனம் பேசுகிறாய், அதை அவர் அம்மா காதில் கூவுகிறார். "என்னைத் தொடாமப் பாருங்கறா." "நீ பாத்தா எனக்கு வயசு குறையுதுங்கறா." அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

எப்போது சிரிப்பு நின்றது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக அதட்டலும் நின்றது. முதலில் உன் குரல், பிறகு அப்பாவின் குரல். ஒன்று இறகு மாதிரி, ஒன்று கல் மாதிரி. நம் வீட்டில் இரண்டு வருஷமாக ஒன்றாகச் சேராத இரண்டு குரல்கள், அக்கா. தண்டவாளம் இல்லாத அந்த ரயில் வயலில் வந்தபோது எனக்கு அது விசித்திரமாகவே தெரியவில்லை. எதுவும் நடக்கலாம் என்று தோன்றியது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடம் வந்தது. அவன், "எப்ப வருவே?" என்று கேட்டான். நீ சொன்னாய்.

அப்பா பேசவில்லை.

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. தியேட்டரே அவருக்காகக் காத்திருந்தது. முன்வரிசையில் டீச்சர் மெதுவாகத் திரும்பினார். அம்மா மறுபடி சட்டையை இழுத்தாள். "என்ன சொல்றா? எப்பவாம்?"

அப்பா கனைத்தார். மூன்றாம் தரம் சொல்லும்போது ஒரு குரல் எடுப்பாரே, மார்க்கெட் வெளிக்கதவு வரை கேட்குமே, அந்தக் குரல். அதில் சொன்னார்.

"இன்னிக்கு. இன்னிக்கு வர்றாளாம்."

கணக்கு டீச்சர் கையைத் தட்டிவிட்டார். பிறகு யார் யாரோ தட்டினார்கள். சைக்கிள் கடைக்காரர் எழுந்து அந்தக் காலி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். அப்பா எதையும் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்திருந்தார், நாம் இருக்கும்போது அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

யாரும் அவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. நான் சொல்லவில்லை. அந்தக் காலையில் கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் வாய் திறந்து நின்றாரே, அப்போது போட்டிருப்பாரோ?

வெளியே வரும்போது ஒரு பெரியவர் கேட்டார், "எல்லாக் காட்சிக்கும் நீங்க வருவீங்களா? அப்பத்தான் எனக்குப் படம் புரியுது."

அவர் கூவிவிட்டார், அக்கா. ஊர் முன்னால். கூவினதைத் திரும்ப எடுக்க மாட்டார். எப்போது வருகிறாய்?

உன் சுண்டு


அக்டோபர் 21

என் சுண்டுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் வேலைக்குப் போனேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு அப்பாவிடம் பயம் என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். இப்போது என் முறை. அவர் சொன்னது அம்மாவுக்கு. படத்தில் வருகிற பெண்ணைப் பற்றி. இருட்டில், என் முகம் தெரியாத இடத்தில். அது எனக்குச் சொன்னதா? நான் அதை நம்பிப் பையோடு வந்து, அவர் பகல் வெளிச்சத்தில் கதவைத் திறந்து என்னைப் பார்த்து, மறுபடி பழைய சொல்லைப் பழைய அர்த்தத்தில் சொல்லிவிட்டால், இன்னொரு தடவை என்னால் படி இறங்க முடியாது.

நீ அவரிடம் எதுவும் கேட்டுவிடாதே. அம்மாவுக்கு நெற்றியில் ஒரு முத்தம் கொடு, யார் கொடுத்தது என்று சொல்லாமல்.

அக்கா


அக்டோபர் 28, பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் பயமில்லாமல் இருக்க வேண்டும்.

மேலே 'பகல்' என்று போட்டிருப்பது தப்பு அல்ல. முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கேட்காதே என்று சொன்னாய், அதனால் கேட்கவில்லை. உன் கடிதத்தைப் பிரித்தபடியே கொண்டுபோய் அப்பாவின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படித்தார். டீ ஆறி ஆடை படிந்தது. பிறகு, "வெளிய வாடி, கதவு ஆடுது" என்றார்.

வந்தேன்.

"ராத்திரி எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கிட்டது போதும். பேனாவை எடு" என்றார். எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஏலக் குரல் இல்லை. உள்ளே எங்கேயோ தேடித் தேடி எடுத்துச் சொல்கிறார்.

"இருட்டுல சொன்னதுதான் வெளிச்சத்துலயும்னு எழுது."

எழுதினேன்.

"வரும்போது வாயைத் திறந்து பேசிப் பழகிட்டு வரச் சொல்லு. உங்கம்மா பாக்கணும். முணுமுணுப்பெல்லாம் சினிமாவோட வச்சுக்கட்டும்னு எழுது."

எழுதினேன். அப்புறம் என்னப்பா என்றேன். உத்தரத்தைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "அவ்வளவுதான். எழுதினதை வாசி" என்றார்.

வாசித்தேன்.

"சத்தமா."

அக்கா, இந்த வீட்டில் உன்னைப் பற்றி எதையும் சத்தமாகச் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என்னால் முடிந்த வரை கத்தி, முதல் வரியிலிருந்து வாசித்தேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சமையலறையிலிருந்து அம்மா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். ஏதோ ஒரு துண்டு அவளுக்கு எட்டியிருக்க வேண்டும்.

"யாரு வர்றா?" என்று கேட்டாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. அதை நீயே வந்து சொல்.

உன் சுண்டு